புத்தாண்டு, குளிர், பத்து மணிக்குள் தூங்கிவிடும் பிள்ளைகள்

இணைய இழையில் வந்த கேள்வி, டிசம்பர் 9

"குளிர்காலப் புத்தாண்டு குடும்பத்துக்கு ஏற்றதே இல்லை. பிள்ளைகளைப் பன்னிரண்டு மணி வரை முழித்திருக்க வைத்தால் அன்றைக்கு அழுகை, தூங்க வைத்தால் 'என்னை ஏன் எழுப்பவில்லை' என்று மறுநாள் அழுகை. வெளியே போனால் குளிர். உள்ளே இருந்தால் ஆளுக்கொரு போன். கல்யாணம் ஆகாதவர்களுக்கென்று யாரோ உண்டாக்கிய நாள் இது. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்."

டிசம்பர் 9, இரவு 10.50

பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பன்னிரண்டு மணியைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். ஒரு நிமிடத்துக்காகச் சின்னக் குழந்தையை நாலு மணி நேரம் இழுத்துப் பிடிக்கிறோம். அது பதினொன்றரைக்குச் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுகிறது, எழுப்பினால் வீறிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஹால் கடிகாரத்தைக் கழற்றி, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி, எட்டு மணியைப் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் என்று ஆக்கி மறுபடி மாட்டிவிட்டேன். பெரியவளுக்கு அப்போது ஆறரை வயது. எல்லோரும் சேர்ந்து பத்திலிருந்து எண்ணினோம், கைதட்டினோம், எல்லாம் நன்றாகத்தான் போனது. சித்தப்பாவுக்கு வாழ்த்துச் சொல்கிறேன் என்று என் போனை எடுத்தவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இதுல எட்டு பதிமூணுதானே காட்டுது?" போன் தப்பாக ஓடுகிறது என்றேன், முதல் பொய்க்கு முட்டுக் கொடுக்க இரண்டாவது பொய். அவள் போனை நம்பினாள், என்னை நம்பவில்லை. ஒரு வாரம் வரை பல் தேய்க்கச் சொன்னால்கூட "உன் கடிகாரத்துலயா, நிஜக் கடிகாரத்துலயா?" என்றுதான் கேட்டாள்.

அதனால் கடிகாரத்தைத் திருப்பும் யோசனையை யாராவது இங்கே எழுதினால், வேண்டாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

டிசம்பர் 10, காலை

ராத்திரி குறையாக விட்டதை முடிக்கிறேன். பொய் சொல்லாமலேயே எட்டு மணிக்குப் புத்தாண்டு கொண்டாடலாம். உலகத்தில் ஒரே ஒரு நள்ளிரவு இல்லை. முதலில் நியூசிலாந்தில் வருகிறது, அப்புறம் ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு நாடாக வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் பிள்ளை தூங்கப் போகும் நேரத்தில் எங்கே பன்னிரண்டு அடிக்கிறது என்று பார்த்து, அந்த ஊரோடு சேர்ந்து எண்ணவேண்டியதுதான். சென்னையிலும் கொழும்பிலும் எட்டரை ஆகும்போது டோக்கியோவில் நள்ளிரவு. சிங்கப்பூரில் எட்டு என்றால் ஃபிஜியில். லண்டனில் எட்டு என்றால் மொரிஷியஸில். டொரண்டோவில் ஏழு மணிக்கே லண்டனில் பன்னிரண்டு அடித்துவிடும், அங்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

போன வருடம் எங்கள் வீட்டில் இதைத்தான் செய்தோம். கடிகாரத்தைத் தொடவில்லை. பழைய உலக உருண்டை ஒன்றைத் தூசி தட்டி மேசையில் வைத்து, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைச் சூரியனாகப் பிடித்துக்கொண்டு பெரியவளை உருண்டையைச் சுற்றச் சொன்னேன். டார்ச்சுக்கு நேர் எதிர்ப்பக்கம், இருட்டின் நட்டநடுவில் எந்த நாடு இருக்கிறதோ அங்கே நள்ளிரவு. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சின்னவனுக்கு எதுவும் புரியவில்லை, டார்ச் வேண்டும் என்று மட்டும் புரிந்தது.

டிசம்பர் 10, பத்து நிமிடம் கழித்து

திருத்தம். முதலில் நியூசிலாந்து என்று எழுதியது தப்பு. பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த கிரிட்டிமாட்டி தீவுதான் முதல், நியூசிலாந்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே ஆண்டு பிறந்துவிடும். உலக நேரத்துக்கு அளவுகோலான லண்டன் கிரீனிச்சில் அப்போது டிசம்பர் 31 காலை பத்து மணிதான். முன்பு சர்வதேசத் தேதிக்கோடு அந்த நாட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு போனதால் ஒரே நாட்டுக்குள் இரண்டு தேதி இருந்தது, 1995 பிறந்தபோது கோட்டையே கிழக்கே வளைத்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை: எழுதுவது கிரிட்டிமாட்டி, வாயால் சொல்வது 'கிரிஸ்மஸ்'. அவர்கள் எழுத்தில் 'ஸ்' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை, 'டி'யையே அப்படி வாசிக்கிறார்கள்.

கடைசியில் வருவது அதே கடலின் பேக்கர், ஹவ்லண்ட் தீவுகளுக்கு, ஆனால் அங்கே கொண்டாட ஆளே கிடையாது. ஆள் இருக்கும் இடங்களில் கடைசி அமெரிக்க சமோவாவும் நியுவேயும், கிரீனிச்சில் ஜனவரி 1 காலை பதினொன்று ஆகும்போது. ஆக, ஆளில்லாத தீவுகளையும் சேர்த்தால் முதல் நள்ளிரவுக்கும் கடைசி நள்ளிரவுக்கும் நடுவில் 26 மணி நேரம். தூங்கிப்போனவர்களுக்கு மறுநாளும் வாய்ப்பு உண்டு என்று அர்த்தம்.

டிசம்பர் 10, மதியம்

சமோவாவும் அமெரிக்க சமோவாவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. இரண்டுக்கும் நடுவில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், நேரத்தில் முழுசாக ஒரு நாள் வித்தியாசம். சமோவா 2011-ல் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியபோது டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டது. 29-ம் தேதி ராத்திரி படுத்தவர்கள் 31-ம் தேதி காலையில் எழுந்தார்கள். இதைப் பெரியவளிடம் சொன்னபோது முதல் கேள்வி: "30-ந்தேதி பிறந்தநாள் இருந்தவங்க என்ன பண்ணினாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 13

மேலே 'பனியில் பிள்ளைகளை விளையாட விடலாமா' என்று நடக்கும் சண்டையை நாற்பது வரி படித்த பிறகுதான் விளங்கியது, இரண்டு பேரும் வேறு வேறு பனியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவருக்குப் பனி என்றால் விடிகாலையில் புல்லில் இறங்கும் துளி. மற்றவருக்கு முழங்கால் அளவு வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பது. முதலாமவர் 'தலையில் துண்டு கட்டினால் போதும்' என்கிறார், இரண்டாமவர் 'துண்டா, விரல் மரத்துப்போகும் ஐயா' என்று கொதிக்கிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், என்ன செய்ய. எங்கள் பக்கம் வெள்ளையாகக் கொட்டுவதில்லை, குளிர் மட்டும்தான், அதையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.

என் அம்மாவும் முதலாமவர் கட்சி. பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்கும் என்பார். சளிக்குக் காரணம் வைரஸ்தான் என்று நான் சொல்வேன், குளிருக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பத்து பேர் ஒரே அறையில் மூச்சு விட்டால் ஒருவருடையது எல்லோருக்கும் வரும் என்றும் சொல்வேன். "உனக்கு என்ன தெரியும்" என்று குல்லாயை இழுத்துவிட்டுப் போவார். குல்லாய் போடுவதில் தப்பொன்றும் இல்லையே, அதனால் இந்த வழக்கில் நான் மேல்முறையீடு செய்வதில்லை.

உடையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். தடித்த கோட்டு ஒன்றைவிட மெல்லியதாக மூன்று போடுவது மேல், சூட்டைப் பிடித்து வைப்பது துணிகளுக்கு நடுவில் அடைபடும் காற்று. ஓடி வியர்த்தால் மேலே ஒன்றைக் கழற்றலாம். உள்ளே பருத்தி நனைந்துவிட்டால் கதை முடிந்தது, ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு தாங்கும்.

டிசம்பர் 14

இல்லை, சின்னவனுக்கு மூன்று உடுப்பு போடுவது எப்படி என்று எனக்கும் தெரியாது. இரண்டாவது போடுவதற்குள் முதலாவதைக் கழற்றியிருப்பான்.

டிசம்பர் 17

'ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசு வாங்கியே பை காலியாகிறது' என்று புலம்பியவருக்கு. 1611-ல் பிராகில் இருந்த யோகன்னஸ் கெப்ளர், கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்தாரே அவர்தான், தன்னை ஆதரித்த நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசு கொடுக்கவேண்டும், கையில் காசில்லை. பாலத்தைக் கடந்து போகும்போது கோட்டின்மேல் பனிப்பொழிவின் சின்னச் சின்னத் துணுக்குகள் விழுந்தன, ஒவ்வொன்றுக்கும் ஆறு மூலை. ஏன் எப்போதும் ஆறு, ஏன் ஐந்தும் ஏழும் இல்லை என்று யோசித்து ஒரு குட்டி நூல் எழுதி அதையே பரிசாகக் கொடுத்துவிட்டார். பனிக்கு லத்தீனில் 'நிக்ஸ்' என்று பெயர், அவருடைய ஜெர்மன் பேச்சில் அதே ஒலிக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். ஒன்றுமில்லாததைப் பரிசாகத் தருகிறேன் என்று அதிலேயே கிண்டலும் செய்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு அவர் காலத்தில் விடை கிடைக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அடுக்காகத்தான் கைகோத்துக்கொள்கின்றன என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு நானும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காகிதத்தில் பனிப்பூ வெட்டினேன். பாதியாக மடி, மறுபடி பாதி, மறுபடி பாதி, கத்தரிக்கோலால் ஓரத்தில் நாலு கொத்து, பிரித்தால் பூ. ஜன்னல் முழுக்க ஒட்டியாயிற்று. பெரியவள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். "அப்பா, இதுக்கு எட்டு கால் இருக்கு. இது எட்டுக்கால் பூச்சி."

பாதி பாதியாக மடித்தால் நாலு அல்லது எட்டுதான் வரும், ஆறு வராது. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியை விரலால் அழுத்திக்கொண்டு, வலதுபக்கத்தை அதன்மேல் ஒரு மடிப்பு, இடதுபக்கத்தை அதற்கும் மேலே ஒரு மடிப்பு, மூன்றும் ஒரே அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவேண்டும். அப்புறம் அதை நெடுக்குவாட்டில் பாதியாக மடித்து, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கொத்த ஆரம்பிக்கவேண்டும். முதல் இரண்டு காகிதம் வீணாகப் போகும், போகட்டும். பன்னிரண்டு அடுக்கு சேர்ந்துவிடுவதால் சின்னப் பிள்ளைகளின் கத்தரிக்கோலுக்கு வெட்டு விழாது, மெல்லிய காகிதமாக எடுங்கள்.

நிஜப் பனிப்பூவை முதன்முதலில் நுண்ணோக்கி வழியாகப் படம் பிடித்தவர்களில் ஒருவர் வில்சன் பென்ட்லி, அமெரிக்காவில் வெர்மான்ட்டில் ஒரு விவசாயி. 1885-ல் ஆரம்பித்து ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். இறகால் தொட்டு எடுத்து, தன் மூச்சு பட்டு உருகிவிடாமல் மூச்சை அடக்கிக்கொண்டு. இது என் பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது, காகிதப் பூவுக்கு முன்னால் நின்று யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று. சாப்பாட்டு வேளையில் அரை நிமிடம் வீடு அமைதியாக இருந்தது, பென்ட்லிக்கு நன்றி.

டிசம்பர் 21

இன்றைக்கு ராத்திரிதான் வருடத்திலேயே நீளமானது, சில வருடங்களில் நாளைக்கு விழும். எல்லோரும் குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டுவதைக் குறையாகச் சொல்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. கோடையில் நட்சத்திரம் பார்க்கவேண்டும் என்றால் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் காக்கவேண்டும். இப்போது ஏழு மணிக்கெல்லாம் கும்மிருட்டு, எட்டரைக்குள் பார்த்து முடித்துப் படுக்கவும் வைத்துவிடலாம். குடும்பத்துக்கான பருவம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

எங்கள் வீட்டு விளையாட்டைச் சொல்கிறேன். ஆளுக்கொரு நட்சத்திரம், அவரவர் வயதுக்கு.

கிழக்கே ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரம் தெரியும், ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. மூன்று நட்சத்திரக் கோட்டைக் கீழே நீட்டினால் சிரியஸ், இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான விண்மீன் கிடையாது. மேலே நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கொஞ்சம் போனால் கார்த்திகைக் கொத்து.

சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வெளிச்சம் வந்துசேர அத்தனை வருடம் ஆகும். பெரியவளுக்கு எட்டரை வயது. அதாவது அவள் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் அவள் கண்ணுக்குள் வந்து விழுகிறது. இதைச் சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நிமிடம் கழித்து, "வர்ற வழியில எங்கயும் நிக்கவே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன்.

எனக்கு 43. காபெல்லாவும் 43 ஒளியாண்டு, வடக்குப்பக்கம் உயரத்தில் மஞ்சளாக. மனைவிக்குப் புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களில் போலக்ஸைக் கொடுத்தேன், 34 ஒளியாண்டு. அவள் வயது அது இல்லை, ஆனால் மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ரோகிணிக்கு 65 சொச்சம். அம்மா உள்ளே இருந்தார், பனி. பெரியவள் உள்ளே ஓடிப்போய் "பாட்டி, உன் நட்சத்திரம் வந்திருக்கு" என்று கத்தினாள். சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு வந்தார், "எங்கே" என்றார், பார்த்தார், "நான் பிறந்தப்போ புறப்பட்டதா" என்றார். அப்புறம் வெகுநேரம் நின்றார். பனியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சின்னவன் பிரச்சினை. நாலு வயதுக்கு ஆல்பா சென்டாரிதான் உண்டு, நாலே கால் ஒளியாண்டுக்குக் கொஞ்சம் கூட. அது தெற்கு வானத்தில் ரொம்பத் தாழ்வாக வருவது, டிசம்பர் மாலைகளில் கண்ணில் படாது. "எனக்கு மட்டும் இல்லையா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். விமானம் ஒன்றைக் காட்டிச் சமாளித்தேன். கடிகாரத்தில் பட்டது போதாது எனக்கு.

டிசம்பர் 22

நியாயமான அடி விழுந்திருக்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் இருக்கும் ஒருவர், "இங்கே வேர்த்துக் கொட்டுகிறது, குளிர் குளிர் என்று எழுதுகிறீர்களே" என்கிறார். மன்னிக்கவும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரித் தொடக்கத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. குளிருக்கும் இந்தத் தூரத்துக்கும் சம்பந்தம் இல்லை, பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம். சூரியனிடமிருந்து சாய்ந்து நிற்பது எங்கள் பாதி, உங்களுக்கு அது கோடை. ஓரியன் உங்களுக்கும் தெரியும், தலைகீழாக. நான் மேலே என்று எழுதியதையெல்லாம் கீழே என்று படித்துக்கொள்ளுங்கள், காபெல்லாவை மறந்துவிடுங்கள். மே மாதம் வந்தால் முன்னிரவிலேயே சின்னவன் நட்சத்திரம் உங்கள் வானத்தில் உயரமாக நிற்கும், அவனிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 26

உறுதிமொழி எடுக்கும் பழக்கத்தை நாங்கள் விட்டு வெகு நாளாகிறது. அதற்குப் பதில் ஒரு டப்பா. வருடம் முழுக்க நடந்ததில் ஞாபகம் இருப்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டு, மறு வருடம் திறந்து படிப்போம். முதல் வருடம் நான் ஒரு தப்பு செய்தேன். எழுதச் சோம்பல்பட்டு, போன இடங்களின் ரசீதுகளையும் டிக்கெட்டுகளையும் போட்டுவிட்டேன். திறந்தபோது பாதி வெள்ளைத் தாள். அந்த வழுவழுப்பான ரசீதுகளில் மை கிடையாது, சூட்டால் கறுக்கும் பூச்சு, கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். எதற்காக வைத்தோம் என்றே தெரியாத பதினேழு வெள்ளைத் தாள்களை வைத்துக்கொண்டு, "இது அன்னைக்கு மழை பெய்ஞ்சதே அதா?" என்று ஒரு மணி நேரம் பேசினோம். நேர்மையாகச் சொன்னால் அந்த வருடப் பேச்சுதான் சுவாரசியமாக இருந்தது. ஆனாலும் பென்சிலால் எழுதுங்கள், பென்சில் வெளுக்காது.

உயரம் அளப்பதும் உண்டு, கதவு நிலையில் கோடு. காலையில் அளந்தால் காலையிலேயே அளக்கவேண்டும். நாள் முழுக்க நின்று நடந்ததில் முதுகெலும்பு கொஞ்சம் அழுந்தி, சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் போல எல்லோரும் குட்டையாகிவிடுகிறோம். ஒரு வருடம் காலையில் அளந்து மறு வருடம் ராத்திரி அளந்ததில் 'நான் கொஞ்சம்தான் வளர்ந்தேன்' என்று பெரிய ரகளை.

டிசம்பர் 29

சுருக்கமாக இரண்டு எச்சரிக்கை.

கம்பி மத்தாப்பு 'சாதுவானது' என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கம்பி ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுடுகிறது. நாலு வயதுக் கையில் கொடுக்காதீர்கள், எரிந்து முடிந்த கம்பியைத் தரையில் போடாமல் வாளித் தண்ணீரில் போடுங்கள். அணைந்த கம்பியை மிதிப்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து.

அதைவிட முக்கியம், கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக் குளிர்காயாதீர்கள். ஒரு உறவினர் வீட்டில் நாங்களே அப்படி உட்கார்ந்திருக்கிறோம், ஒரு மணி நேரத்தில் மூன்று பேருக்கும் ஒரே மாதிரித் தலைவலி, தூக்கக் கலக்கம். குளிரால் என்று நினைத்தோம். அம்மா எழுந்து கதவைத் திறந்திருக்காவிட்டால் இந்த வரியை எழுதியிருப்பேனா தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிராக இருந்தால் இன்னொரு போர்வை.

போர்வை என்றதும் ஞாபகம். காற்று வறண்ட குளிர் இரவில் விளக்கை அணைத்து, கம்பளிக்குள் புகுந்து, அதை வேகமாக உதறிப் பாருங்கள். படபடவென்று நீலப் பொறி தெரியும். நிலைமின்சாரம், ஆபத்தில்லை. எங்கள் வீட்டு வாணவேடிக்கை இதுதான், சத்தமில்லாதது, கைக்குழந்தையும் அலறாது.

ஜனவரி 1, காலை

நடந்ததை எழுதுகிறேன். எட்டரைக்கு உருண்டை, டார்ச், பத்திலிருந்து எண்ணினோம். தம்பி வீட்டையும் வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொண்டோம், பக்கத்து அறையில் மனைவி ஜப்பான் கொண்டாட்டத்தை இணையத்தில் ஓடவிட்டிருந்தாள். நாங்கள் பூஜ்யம் சொல்லிக் கைதட்டும்போது தம்பி வீட்டில் இரண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓய்ந்து, எல்லோரையும் கட்டிக்கொண்டு முடித்து அரை நிமிடம் போனபிறகு பக்கத்து அறையில் வாணம் வெடித்தது. நேரலை என்பது பேருக்குத்தான், படம் சுற்றி வருவதற்குள் பின்தங்கிவிடுகிறது. சின்னவனுக்கு மூன்று புத்தாண்டு கிடைத்தது, மூன்றுக்கும் குதித்தான்.

"எது நிஜம்?" என்றாள் பெரியவள். மறுபடியும் அதே கேள்வி! இந்தத் தடவை பயப்படவில்லை. கடிகாரமே சில வருடங்களில் ஒரு நொடி நின்று போகும் என்று சொன்னேன். 2016 முடியும்போது கிரீனிச் நேரத்தில் கடைசி நிமிடத்துக்கு 61 நொடி, பூமியின் சுழற்சி ஒரே சீராக இல்லாததால் ஒரு நொடியைச் செருகினார்கள். "அப்போ அவங்களும் கடிகாரத்தைத் திருப்பினாங்களா?" என்றாள். திருப்பினார்கள், ஆனால் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் திருப்பினார்கள். அவள் ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் ஒன்பதே காலுக்குத் தூங்கிவிட்டார்கள். பன்னிரண்டுக்கு நானும் மனைவியும் மட்டும் வெளியே போய் நின்றோம். புத்தாண்டு நள்ளிரவை ஒட்டித்தான் சிரியஸ் தன் பாதையின் உச்சிக்கு வரும். எட்டரைக்குத் தாழ்வாக இருந்தபோது சிவப்பும் நீலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தது, சின்னவன் "போலீஸ் வண்டி" என்றான். அது காற்றடுக்கு செய்யும் வேலை. உச்சியில் அந்தத் துடிப்பு அடங்கி வெள்ளையாக இருந்தது. பத்து நிமிடம், குளிர் தாங்கவில்லை, உள்ளே வந்துவிட்டோம்.

ஜனவரி 4, காலை 6

குவாட்ரான்டிட் எரிகல் பொழிவு ஜனவரி 3, 4 வாக்கில் உச்சத்துக்கு வரும், பார்க்கலாம் என்று யாரிடமும் சிபாரிசு செய்யவில்லையே நான்? நல்லவேளை. நாலு மணிக்கு எழுப்பி, போர்வையோடு வெளியே படுக்க வைத்து, ஒரு மணி நேரத்தில் இரண்டு. இரண்டே இரண்டு. மற்ற பொழிவுகள் ஓரிரு நாள் நீளும், இதன் உச்சம் சில மணி நேரம்தான், அது நம் ஊர்ப் பகலில் விழுந்துவிட்டால் போச்சு. இதை எழுப்புவதற்கு முன்னால் நான் பார்த்திருக்கவேண்டும். சின்னவன் கணக்கில் ஏழு, அதில் ஐந்து விமானம். மனைவி என்னோடு பேசவில்லை.

இதற்கு ஆகஸ்ட் மாதத்துப் பெர்சியிட் எவ்வளவோ மேல். குளிரும் இல்லை.

ஜனவரி 11

'டிசம்பர் 21-க்கு அப்புறம் பகல் நீளுகிறது என்கிறீர்கள், காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது முன்னைவிட இருட்டாக இருக்கிறதே' என்று கேட்டவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். பகல் நீளுவது முதலில் சாயங்காலப் பக்கத்தில். சூரியன் மறைவது தள்ளிப்போக ஆரம்பித்த பிறகும், உதிப்பது கொஞ்ச நாள் தாமதமாகிக்கொண்டேதான் போகும். வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களில் ஜனவரி முதல் வாரத்தோடு திரும்பிவிடும், வெப்ப மண்டலத்தில் மாதக் கடைசிக்கும் போகும். பூமியின் பாதை வட்டமாக இல்லாமலும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் நடுப்பகலே நாளுக்கு நாள் சில நொடிகள் தள்ளிப்போகிறது. நாங்கள் ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் சுவரில் விழும் ஜன்னல் வெயிலின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வருகிறோம். நாலு கோடு ஆகியிருக்கிறது. சின்னவன் அதற்குப் பக்கத்தில் தானாகவே இன்னும் முப்பது போட்டிருக்கிறான், எது எங்களுடையது என்று இப்போது தெரியவில்லை.

ஜனவரி 19

இழையை முடிக்கலாம் என்று வந்தால் 'குளிர் போய்விடும், இனி என்ன' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எங்கே போகிறது? தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். சிறிய பகல் டிசம்பரில் முடிந்தாலும் நிலமும் கடலும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும், கடும் குளிர் பல வாரம் கழித்துத்தான். ஆளுக்கொரு நட்சத்திரம் விளையாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது ஓரியன் ஏழு மணிக்கே நன்றாக உயர்ந்து நிற்கிறது, டிசம்பரைவிட வசதி.

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார், உருண்டை இல்லாததால் பந்தில் மார்க்கரால் நாடுகள் வரைந்து செய்தார்களாம், கைக்குழந்தை பந்தை நக்கிவிட்டதாம், மற்றபடி நன்றாகப் போனதாம். போகட்டும், மறுப்பு ஏற்கப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

டப்பாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்த வருடம் எல்லாம் பென்சில்தான், பெரியவள் நாலு சீட்டு, அம்மா ஒன்று, யாருக்கும் காட்டவில்லை. சின்னவன் நடுவில் திறந்துவிடக்கூடாது என்று ஜனவரி 2 அன்று நானே நல்ல இடமாகப் பார்த்து ஒளித்து வைத்தேன். நேற்று அவனுக்கு ஒரு சீட்டு சேர்க்கவேண்டும் என்றான். அலமாரி, பரண், கட்டிலுக்கு அடியில், எல்லாம் பார்த்தாயிற்று. கிடைத்ததும் எழுதுகிறேன்.